ஓரத்தாரிடம் மாட்டிய சீடி

அடுத்தவன் பொருளை அந்த அடுத்தவனைவிட ஒழுங்காக வைத்திருந்து, அதற்காகவே அவனிடம் ஏழு வருஷம் வசவு வாங்கிய மனிதர் உலகத்தில் ஒருவர்தான் இருக்க முடியும். அவர் கம்பத்துக்குப் பக்கத்தில் அனுமந்தன்பட்டியில் இருக்கிறார். வசவு கொடுத்தவன் நான். இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. இந்த வாரம் இந்தப் பக்கத்தில் அதையும் கொட்டிவிடுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ரேஷன் கார்டில் இருக்கிறது. வேறெங்கும் இல்லை. ஊருக்கு அவர் ஓரத்தார். யார் கையில் சீடியைப் பார்த்தாலும், அது யாருடைய சீடியாக இருந்தாலும், "ஓரத்தப் பிடிங்க" என்பார். வணக்கம் சொல்வதற்கு முன்னால் அதைச் சொல்வார். கல்யாண வீட்டில் மாப்பிள்ளை கையில் யாரோ பாட்டு சீடியைப் பரிசாகக் கொடுத்தபோது, தாலி கட்டி அரைமணி நேரம்கூட ஆகாத அந்தப் பையனிடம் போய், "மாப்ள, ஓரத்தப் பிடிங்க" என்று சொன்னவர்.

ஒருமுறை உத்தமபாளையத்தில் ஸ்கேன் எடுக்கிற இடத்தில் உட்கார்ந்திருக்கிறார். எதிர் வரிசையில் ஒரு அம்மாள் தன் வயிற்று ஸ்கேன் சீடியைக் கவரிலிருந்து உருவி, பெருவிரலால் நடுவில் அழுத்திப் பிடித்துக்கொண்டு வெளிச்சத்தில் பார்த்திருக்கிறார். ஓரத்தாருக்கு இருப்புக் கொள்ளவில்லை. எழுந்து போய், "ஆத்தா, மினுங்குற பக்கம் வெரல் படக் கூடாது, ஓரத்தப் பிடிங்க" என்றிருக்கிறார். அந்த அம்மாள் இவரை டாக்டர் என்று நினைத்து எழுந்து நின்று, "சரிங்க சார். மாத்திரைய சாப்பாட்டுக்கு முன்னாடி போடவா, பின்னாடி போடவா" என்று கேட்டிருக்கிறார். "எப்பப் போட்டாலும் கையக் கழுவிட்டு இதத் தொடுங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார் நம் ஆள்.

தொழில், திராட்சை. ராயப்பன்பட்டி போகிற வழியில் இரண்டு ஏக்கர் பந்தல். இந்தக் கிறுக்குக்கு வேர் அங்கேதான் இருக்கிறது என்பது என் கண்டுபிடிப்பு. திராட்சைக் குலையைப் பழத்தில் தொட்டுத் தூக்கக் கூடாது. மேலே பூத்திருக்கிற வெள்ளைப் பூச்சு கையோடு வந்துவிடும், விரல் பட்ட குலையை வியாபாரி தனியாக ஒதுக்கிவிடுவார். காம்பைப் பிடித்துத்தான் தூக்க வேண்டும். சின்ன வயதிலிருந்து காம்பைப் பிடித்தே பழகிய கை, சீடிக்குக் காம்பு இல்லாததால் ஓரத்தைப் பிடித்துக்கொண்டது.

"சீடி எதுல கெடுது வாத்தியாரே? பாட்டக் கேட்டா கெடுது? கை பட்டுத்தேன் கெடுது. திராட்சையும் அப்படித்தேன்" என்பார். நான் கணக்கு வாத்தியார். இந்தச் சமன்பாட்டை ஒப்புக்கொண்டேன்.

கோட்டயம் மார்க்கெட்டுக்குத் திராட்சை லோடு ஏற்றிக்கொண்டு போகிறவர்கள் திரும்பி வரும்போது நேந்திரங்காய் சிப்ஸ் வாங்கி வருவார்கள். இவர் சீடி வாங்கி வந்தார். தமிழ், மலையாளம், நாதஸ்வரம், வில்லுப்பாட்டு, எதுவானாலும் சரி. இப்படியே ஐந்நூறு, அறுநூறு சேர்ந்தது. பிறகு ஊர் முழுக்கப் பாட்டுக் கேட்பது செல்போனுக்குப் போய்விட்டது. மிச்சமான சீடிகளை எல்லாரும் நூலில் கட்டித் திராட்சைப் பந்தலில் தொங்கவிட்டார்கள். காற்றில் சுற்றும்போது பளிச் பளிச் என்று வெட்டும், மைனா கிட்டே வராது. கம்பத்திலிருந்து சின்னமனூர் வரை தோட்டத்துக்குத் தோட்டம் சீடி தொங்கியது.

ஓரத்தாருக்கு அந்தக் காலத்தில் சோறு இறங்கவில்லை.

"என்ன பாவம் பண்ணுச்சு வாத்தியாரே அது? பாடுனது ஒரு குத்தமா? வெயில்லயும் மழையிலயும் இப்படித் தூக்குல போட்ருக்கானுக."

தூக்கிலிருந்து இறக்க ஆரம்பித்தார். தோட்டக்காரர்கள் இல்லாத நேரம் பார்த்துக் கத்தரிக்கோலோடு உள்ளே நுழைவார். ஆனால் நேர்மையான மனுஷன். சும்மா எடுக்க மாட்டார். மைனா வந்து பழத்தைத் தின்றால் அந்தப் பாவம் தனக்கு வரும் என்று, எடுத்த சீடிக்குப் பதிலாகப் பளபளப்பாக வேறொன்றைத் தொங்கவிட்டு வருவார். அது அவர் மனைவி கல்யாணச் சீராகக் கொண்டுவந்த எவர்சில்வர் தட்டு. ஓட்டை போட்டு, நூல் கட்டி.

எவர்சில்வர் தட்டில் நம் ஊரில் என்ன வெட்டியிருக்கும்? பெயர். "செல்லத்தாய், அனுமந்தன்பட்டி" என்று புள்ளி புள்ளியாக, கல்யாணத் தேதியோடு. திருட்டு நடந்த இடத்தில் திருடன் தன் முகவரியை, அதுவும் மனைவி பெயரில், தொங்கவிட்டுப் போனது இந்தப் பள்ளத்தாக்கில் இது ஒன்றாகத்தான் இருக்கும். ஒரே வாரத்தில் ஒன்பது தோட்டக்காரர்கள் கையில் தட்டோடு வாசலில் வந்து நின்றார்கள். செல்லத்தாய் மதினி வெளியே வந்தார். முதலில் கையை நீட்டினார்.

"தட்ட இப்படிக் குடுத்துட்டு, அப்புறம் அவுகள எம்புட்டு வேணும்னாலும் வைங்க. உள்ளதேன் இருக்காக."

சீடிக்கு மட்டும் அந்த வீட்டில் ராஜ வைத்தியம். பேட்டரிக்கு ஊற்றுகிற சுத்தமான தண்ணீர். நூறு தடவை துவைத்துத் துவைத்துப் பூப்போல ஆன பழைய வேட்டித் துண்டு. நடுவிலிருந்து ஓரத்துக்கு நேர்கோடாகத் துடைக்க வேண்டும். வட்டமாகத் துடைத்தால் என்ன என்று நான் கேட்டுத் தொலைத்தேன். ஏரில் மாட்டைப் பின்பக்கமாகப் பூட்டலாமா என்று கேட்டவனைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார். துடைத்ததும் காய வைக்க வேண்டுமே. இட்லிக் கொப்பரையில் தட்டுகளைக் கோக்கிற நடுக்கம்பி இருக்கிறதல்லவா, அதில் ஒரு சீடி, ஒரு பைப் வாஷர், ஒரு சீடி என்று கோத்துச் ஜன்னலை விட்டுத் தள்ளி நிழலில் வைப்பார். அந்த வீட்டில் கடைசியாக இட்லி வெந்தது எப்போது என்று மதினியைக் கேட்டால் பெருமூச்சுதான் வரும்.

முன்னறையில் மூன்று இரும்பு பீரோ. சீடிகள் நிற்கும், படுக்காது. உள்ளே போகிறவன் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும், பவுடர் பூசியிருக்கக் கூடாது, வெற்றிலை போடக் கூடாது, தலை ஈரமாக இருக்கக் கூடாது. ஃபேன் சுற்றாது, தூசி கிளம்புமாம். ஆஸ்பத்திரியில் பிறந்த குழந்தையைப் பார்க்கப் போவதற்கு இதில் பாதி நிபந்தனைகூட இல்லை.

அடுக்கி வைத்திருக்கிற முறையைப் பார்த்துத்தான் எனக்கு முதல்முதலாகக் கோபம் வந்தது. நாதஸ்வரத்துக்குப் பக்கத்தில் குத்துப்பாட்டு. அதற்குப் பக்கத்தில் மாதா பாடல்கள். அதையொட்டி ரம்ஜான் பாடல்கள். அப்புறம் ஒரு மலையாளப் படம்.

"இது என்ன வரிசைண்ணே? பாடுனவுக பேரு வரிசையா, படம் வரிசையா?"

"நோய் வரிசை."

ஆனி, ஆடியில் மேற்கு மலையைத் தாண்டிச் சாரல் வந்தால் எங்கள் பக்கம் எல்லாமே நமுத்துப்போகும். சீடியிலும் பூஞ்சை படரும். எனவே மேல் தட்டில் பூஞ்சை இதுவரை பிடிக்காதவை. நடுத் தட்டில் பிடித்துத் தேறியவை. கீழ்த் தட்டில் எந்த நேரமும் பிடிக்கலாம் என்று அவர் சந்தேகப்படுபவை. ஒவ்வொரு தட்டிலும் துணியில் முடிந்த ஒரு சின்ன மூட்டை. கந்தகப் பொடி. திராட்சைக் கொடியில் சாம்பல் நோய் வராமல் தூவுவது. கொடிக்கு ஆகிறது சீடிக்கு ஆகாதா என்பது கணக்கு.

"சரிண்ணே, ஒரு நாதஸ்வரம் கேக்கணும்னா எப்படித் தேடுவீக?"

"போன ஆடியில அதுலருந்து அந்த மலையாளப் படம் வரைக்கும் ஒரே நாள்ல புள்ளி விழுந்துச்சு. அஞ்சும் ஒண்ணாத்தேன் நிக்கும்."

நாட்டில் மத நல்லிணக்கத்தைப் பூஞ்சை சாதித்துக் காட்டியது அந்த பீரோவில்தான்.

இனி என் வயிற்றெரிச்சலுக்கு வருகிறேன்.

நான் அவர் வீட்டுக்கு எதிர்வீட்டில் வாடகைக்குக் குடியிருந்தேன். என் மனைவி ஜெசிந்தா ராயப்பன்பட்டிக்காரி. எங்கள் கல்யாணத்துக்கு முந்தின வருஷம் அவர்கள் ஊர்க் கோயில் பாடகர் குழு கிறிஸ்துமஸுக்காக எட்டுப் பாட்டுப் பாடி ஒரு சீடி போட்டது. பாட்டும் மெட்டும் அந்த ஊரில் ஞானோபதேசம் சொல்லிக்கொடுக்கிற உபதேசியார் சொந்தமாகக் கட்டியது. தேனியில் ஒரு ஸ்டூடியோவில் பதிவு செய்து, கம்ப்யூட்டரில் பத்தே பத்து சீடி எழுதிக் கொடுத்தார்கள். அந்த ஸ்டூடியோ இப்போது பல் ஆஸ்பத்திரி. ஐந்தாவது பாட்டு ஜெசி தனியாகப் பாடியது.

அந்தச் சீடியை ஒரு கிறிஸ்துமஸுக்கு எடுத்துப் போட்டபோது தாவித் தாவிப் பாடியது. எதிர்வீட்டில் வைத்தியர் இருக்கும்போது என்ன கவலை என்று நானே, என் இரண்டு கையால், கொண்டுபோய்க் கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னார். இரண்டு பேரும் போனோம். கை கழுவினோம். போட்டார். ஒரு தாவல் இல்லை. ஐந்தாவது பாட்டு வந்தபோது ஓரத்தார் கண்ணை மூடிக்கொண்டார், மதினி அடுப்படியிலிருந்து வந்து நிலைப்படியில் நின்றார். ஜெசிக்குப் பெருமை தாங்கவில்லை, அதை மறைக்கப் புடவை முந்தானையைச் சரி செய்துகொண்டே இருந்தாள். பாட்டு முடிந்தது. விசாரணை ஆரம்பித்தது.

"இத எங்கன வச்சிருந்தீக?"

"ஃப்ரிட்ஜ் மேலண்ணே" என்றேன்.

"ஒறையிலயா?"

"ஒறை இருந்துச்சு."

"மேல என்ன வச்சிருந்தீக?"

நான் சமாளித்திருப்பேன். ஜெசிக்குப் பொய் சொல்ல வராது. "ஊறுகா பாட்டில்ணே" என்றாள்.

சீடியை உறையில் போட்டார். பீரோவில் நிறுத்தினார். பூட்டினார். சாவியை அரைஞாண் கயிற்றில் முடிந்துகொண்டார்.

"ஞாயித்துக்கெழமைக்கு ஞாயித்துக்கெழம வாங்க. கேட்டுட்டுப் போங்க."

என் மனைவி பாடிய பாட்டு. என் வீட்டுச் சீடி. அதைக் கேட்க எனக்கு வாரம் ஒருநாள் பார்வையாளர் நேரம். காப்பி எடுத்துக்கொள்ள வேண்டியதுதானே என்று உங்களில் கெட்டிக்காரர்கள் கேட்பீர்கள். கேட்டேன். "காப்பி எடுக்குறப்ப லேசரு வெறிபிடிச்ச மாதிரி ஓடும் வாத்தியாரே, தேஞ்சுபோகும். நெருப்புதான அது" என்று முடித்துவிட்டார்.

ராயப்பன்பட்டிப் பங்குச் சாமியாரிடம் முறையிட்டேன். அவர் சமாதானம் பேசப் போனார். ஒரு மணி நேரம் கழித்துக் கை எல்லாம் சோப்பு வாசனையோடு திரும்பி வந்தார். "நல்ல மனுசன் சார். எங்கிட்ட இருந்த நாலு சீடியையும் அவருகிட்டயே இருக்கட்டும்னு சொல்லிட்டு வந்தேன்" என்றார்.

கடைசியில் போலீஸ் ஸ்டேஷனுக்கே போனேன். வெட்கமாக இருந்தாலும் போனேன். எழுத்தர் பேனாவைத் திறந்தார்.

"பொருள் காணாமப் போச்சா?"

"இல்ல சார்."

"எங்கன இருக்குன்னு தெரியுமா?"

"தெரியும். எதிர்வீட்டு பீரோவுல."

"பத்திரமா இருக்கா?"

"ரொம்பப் பத்திரமா இருக்கு சார்."

"நீங்க போனா பாக்க விடுறாகளா?"

"பாக்க விடுறாக. பாடவும் வைக்கிறாக. காப்பியும் குடுப்பாக, குடிச்சிட்டுக் கையக் கழுவணும்."

அவர் பேனாவை மூடினார். "எங்க வீட்டுலயும் ஒரு பத்துச் சீடி கெடக்கு. அவுக வீடு எதுன்னு சொல்லுங்க" என்றார்.

இரண்டு வருஷம் இப்படி ஓடியது. கோபம்தான், ஆனால் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போனோம். மூன்றாவது வருஷம் சாரல் முடிந்த சமயம், போய் நின்றால் வாசலிலேயே மறித்தார்.

"இன்னைக்கு வேணாம் வாத்தியாரே. அது ஓய்வுல இருக்கு."

"சீடிக்கு என்னண்ணே ஓய்வு?"

"கவாத்து வெட்டுனா கொடிக்கு ஓய்வு குடுக்கம்ல. அது மாதிரித்தேன்."

அடுத்த வாரமும் ஓய்வு. அடுத்த மாசமும் ஓய்வு. மனிதன் ரிட்டயர் ஆனால்கூட இவ்வளவு ஓய்வு கிடையாது. நான் இன்னும் அதிகமாகத் திட்ட ஆரம்பித்தேன். இன்றைக்கு நினைத்துப் பார்த்தால், அது வரை எனக்கு அது பாதி விளையாட்டுத்தான்.

அதற்கடுத்த வருஷம் ஜெசிக்குத் தைராய்டு ஆபரேஷன் நடந்தது. உடம்பு நன்றாகத் தேறிவிட்டாள். பேச்சு திரும்பிவிட்டது, என்னைத் திட்டுகிற அளவுக்குத் தாராளமாகவே திரும்பியது. பாட்டு மட்டும் திரும்பவில்லை. மேலே ஏறினால் குரல் பிசிறும், பாதியில் காற்றாகிவிடும். ஒருநாள் துணி மடித்துக்கொண்டே ஏதோ முனக ஆரம்பித்தவள் நடுவில் நிறுத்திவிட்டாள். அன்றோடு அவள் வாயைத் திறந்து பாடவில்லை. கோயிலில்கூட உதட்டை மட்டும் அசைப்பாள். எனக்குத் தெரிந்து அவள் குரல் இந்த உலகத்தில் இருந்தது ஒரே ஒரு இடத்தில். எதிர்வீட்டு பீரோவில்.

அன்றைக்கு நான் கோபமாகப் போகவில்லை. கெஞ்சத்தான் போனேன். "அண்ணே, அவளுக்குக் குரல் போச்சுண்ணே. அந்தச் சீடிய மட்டும் குடுத்துருங்க" என்றேன். அவர் முகம் ஒரு மாதிரி ஆனது. சுவரைப் பார்த்தார்.

"வெளிய எடுக்க முடியாது வாத்தியாரே."

அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தைக்காக அவரை நான் மன்னிக்கவே போவதில்லை என்று முடிவு கட்டினேன். பேச்சை நிறுத்தினேன். அடுத்த தெருவுக்குக் குடி மாறினேன். ஆசிரியர் அறையில், டீக்கடையில், ராயப்பன்பட்டித் திருவிழாவில், ஆள் கிடைத்த இடத்திலெல்லாம் அவரைக் கல்நெஞ்சுக்காரன் என்றேன். திராட்சை சீசன் இல்லாத நாளில்கூட அவர் கம்பத்தில் ஜீப் ஏறி மலைக்கு அந்தப் பக்கம் ஏலக்காய் எஸ்டேட் எஸ்டேட்டாகப் போகிறார் என்று கேள்விப்பட்டேன். "இங்க புடுங்கினது போதாதுன்னு கேரளாவுல சீடி புடுங்கப் போறாரு" என்று அதற்கும் ஒரு விளக்கம் கொடுத்தேன்.

மூன்று வருஷம் போனது. ஒரு சனிக்கிழமை மதியம், பொறுக்க முடியாமல், பீரோவை உடைத்தாவது எடுப்பது என்று போனேன். அவர் இல்லை.

"மலைக்கு அங்கிட்டு, வண்டன்மேட்டுக்குப் போயிருக்காக" என்றார் மதினி.

"பீரோவத் தெறங்க மதினி."

என் முகத்தைப் பார்த்தார். உள்ளே போய் இன்னொரு சாவியைக் கொண்டுவந்து திறந்தார். சீடி அங்கேதான் நின்றது. உறையிலிருந்து எடுத்தேன். திருப்பினேன். கழுவாத டீ டம்ளரின் அடியைப் போலப் பழுப்பேறிக் கிடந்தது. ஓரத்தில் கறுத்தேவிட்டது. அழுகை வருகிறதா, அடிக்கத் தோன்றுகிறதா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

மதினி கீழே உட்கார்ந்துகொண்டு சொன்னார். "இந்த பீரோவுல வச்ச எங்கொலுசு கறுத்தப்பவே சொன்னேன். கேக்கல. அப்புறம் ஒங்க சீடி பாடலன்னதும் கம்ப்யூட்டர் கடைக்குத் தூக்கிக்கிட்டு ஓடுனாக. கடையில விக்கிற சீடியெல்லாம் அலுமினியமாம், அதுக்கு ஒண்ணும் ஆகாதாம். கம்ப்யூட்டர்ல எழுதுற சீடியில செலதுக்கு வெள்ளிப் பூச்சாம். கந்தகம் வெள்ளியத் தின்னுருமாம். அம்புட்டுச் சீடியிலயும் கறுத்தது மூணுதேன். அதுல ஒண்ணு ஒங்களது."

"எங்கிட்டச் சொல்லிருக்கலாம்ல?"

"அவுகளுக்கு நாக்கு எந்திரிக்கல தம்பி. வாத்தியாரு எம்மேல கோவமாத்தான இருக்காக, அப்படியே இருக்கட்டும், சீடி பத்திரமா இருக்குன்னாச்சும் அந்தப் புள்ள நெனச்சுக்கிட்டு இருக்கும்னு சொல்லுவாக. உபதேசியார்கிட்டப் பேரு வாங்கி, மிச்ச ஒம்போதையும் தேடுறாக. ஒண்ணு பழைய பேப்பர்காரன்ட்டப் போயிருச்சு. ஒண்ணுல புள்ளைக பொம்ம வண்டிக்குச் சக்கரம் பண்ணிருச்சுக. ஒண்ணு வெள்ளையடிக்கிறப்ப சுண்ணாம்புல விழுந்துச்சாம். எட்டு வீடு போயாச்சு. ஒம்பதாவது வண்டன்மேட்டுல."

இதைக் கேட்டதும் என் கோபம் பறந்துவிட்டது என்று எழுதினால் பொய். இன்னும் ஏறியது. மூன்று வருஷமாக ஒரு மனுஷன் என்னிடம் வசவு வாங்கிக்கொண்டு வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறார். திட்டின என்னை இப்போது எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது?

வீட்டுக்கு வந்து ஜெசியிடம் சொன்னேன். அவள் "போச்சா அப்ப" என்றாள். அடுப்படிக்குள் போய், அடுப்பு எரியாத அடுப்படியில் வெகுநேரம் நின்றாள். பிறகு வெளியே வந்து, "அந்த மனுசன எம்புட்டுப் பேச்சுப் பேசுனீக" என்றாள்.

மறுநாள் சாயங்காலம் ஓரத்தார் வந்தார். சாரலில் நனைந்திருந்தார். கையில் திராட்சை அட்டைப்பெட்டி, அதற்குள் அவர் பிளேயர், எங்கள் வீட்டில் பிளேயர் செத்துப் பல வருஷம் ஆனது அவருக்குத் தெரியும். மடியில் வேட்டித் துண்டில் சுற்றிய சீடி. மதினி எல்லாவற்றையும் சொல்லியிருக்க வேண்டும், என் முகத்தைப் பார்க்கவில்லை. வீட்டுக்குள் வரச் சொன்னால் வாசற்படியோடு நின்றுகொண்டார்.

"குழுவுல பாடுன ஒரு பொண்ண அங்கன எஸ்டேட்டுல கட்டிக் குடுத்துருக்காக. புள்ளைக மண்சோறு ஆக்கி வெளாண்டுருக்குக இதுல. நாலு தடவ கழுவிட்டேன். அஞ்சாவது பாட்டுல ரெண்டாவது சரணம் மட்டும் தாவுது. அது போகாது."

நான் வருஷக்கணக்காக மனப்பாடம் செய்து வைத்திருந்த பேச்சு ஒன்று இருந்தது. ஒரு வரிகூட வரவில்லை. "உள்ள வாங்கண்ணே" என்றேன். வரவில்லை. கையை மட்டும் நீட்டிப் பிளேயரை ஓடவிட்டார்.

நாலு பாட்டு ஓடியது. ஐந்தாவது வந்தது. இருபத்திரண்டு வயது ஜெசி, பயப்படாமல், மூச்சு முட்டாமல், மேலே ஏறிப் போய் அங்கேயே நின்றாள். அடுப்படி நிலையில் சாய்ந்துகொண்டு என் ஜெசி அதைக் கேட்டாள். அவளைப் பார்க்கத் தைரியம் இல்லாமல் தரையைப் பார்த்தேன். முதல் சரணம் முடிந்தது. இரண்டாவது ஆரம்பித்தது. டக். பாட்டு ஆறாவதுக்குத் தாவிவிட்டது.

அவர் பிளேயரை நிறுத்தினார்.

அப்போது வாசற்படியில் நின்றபடி ஓரத்தார் பாட ஆரம்பித்தார். அந்த இரண்டாவது சரணத்தை. இத்தனை வருஷத்தில் அவர் ஒரு பாட்டை முனகிக்கூட நான் கேட்டதில்லை. கேட்காமலே இருந்திருக்கலாம். டிராக்டர் மேடேறுகிற குரல். இரண்டாவது வரியில், நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தாமல் இழுஇழு என்று இழுத்தார்.

ஜெசியின் நெற்றி சுருங்கியது. "அங்கன இழுக்கக் கூடாதுண்ணே. நிப்பாட்டணும்."

"நிப்பாட்டுனேனே தங்கச்சி" என்று சொல்லிவிட்டு, மறுபடி அதே வரியை, மறுபடி அதே இடத்தில், இன்னும் நீளமாக இழுத்தார்.

"இல்லண்ணே." அவள் இரண்டு அடி முன்னால் வந்துவிட்டாள். நல்ல கோபம். "உபதேசியார் எம்புட்டுப் பாடுபட்டு அந்த எடத்துல நிறுத்தச் சொல்லிக் குடுத்தாக. அதப் போய் இப்படி. இங்க பாருங்க." பாடிக் காட்டினாள்.

குரல் பிசிறியது. மேலே போக வேண்டிய இடத்தில் கீழேயே போனாள். நடுவில் இரண்டு இடத்தில் காற்றுத்தான் வந்தது. ஆனால் நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தினாள், எடுக்க வேண்டிய இடத்தில் எடுத்தாள், நாலு வரியையும் பாடி முடித்த பிறகுதான், பாடிக்கொண்டிருப்பது தான்தான் என்பது அவளுக்கே உறைத்தது. வாயைக் கையால் பொத்திக்கொண்டாள்.

"இப்பச் சரியா இருக்கு தங்கச்சி" என்றார் ஓரத்தார். குனிந்து பிளேயரின் ஒயரைச் சுருட்ட ஆரம்பித்தார்.

அந்தச் சீடி இப்போதும் அவர் பீரோவில்தான் இருக்கிறது, ஜெசியே கொடுத்துவிட்டாள். கந்தக மூட்டைகளை மதினி எடுத்துத் தோட்டத்தில் கொட்டிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை போகிறோம். இரண்டாவது சரணம் வந்ததும் பிளேயரை அவர் நிறுத்துவார், ஜெசி பாடுவாள், பிறகு ஆறாவது பாட்டு ஓடும். என்னை மட்டும் இன்னும் சீடியைத் தொட விடுவதில்லை. இதைவிட ஒரு மனுஷனுக்கு என்ன அவமானம் வேண்டும்?

ஒரே ஒரு சந்தேகம் மட்டும் எனக்கு உண்டு. இரண்டு வருஷம் ஞாயிறு தவறாமல் கண்ணை மூடிக்கொண்டு அந்தப் பாட்டைக் கேட்டவர், அதன் ஒவ்வொரு மூச்சையும் தெரிந்தவர், அன்றைக்கு அந்த ஒரே இடத்தில் எப்படி இரண்டு தடவை தப்பாகப் பாடினார்? நான் அவரிடம் கேட்கவில்லை. கேட்டு, "வேணும்னுதேன் வாத்தியாரே" என்று அவர் சொல்லிவிட்டால், அப்புறம் நான் யார்மேல் கோபப்பட்டுக்கொண்டு ஒவ்வொரு ஞாயிறும் அந்த வீட்டுக்குப் போவது?